வாடகை வரும் வீடு: வாங்கும் முன் மூன்று கணக்கு!

வெளிநாட்டில் உழைத்த பணத்தை வீட்டில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

துபாயில் இரவு ஒன்பது மணி. திருச்சியில் பத்தரை. வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய கணவர், ஊரில் இருக்கும் மனைவியோடு டெலிபோனில் பேசுகிறார்.

"என்னங்க, தம்பி ஒரு வீடு பார்த்திருக்கிறான். விலை ஐம்பது லட்சமாம். மாதம் பதினைந்தாயிரம் வாடகை வருமாம். இந்த வாரமே அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் கை நழுவிப் போய் விடுமாம்."

"நல்லதுதானே? பாதிக் கடன் வாடகையிலேயே அடைந்து விடும். உன் தம்பியை முடிக்கச் சொல்லேன்."

"சொல்லலாம். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. பதினோரு வருஷத்துப் பணம் அல்லவா?"

இப்படிப்பட்ட பேச்சு இன்று எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. வெளிநாடுகளில் வேலை பார்ப்பவர்கள் 2024-ம் ஆண்டில் இந்தியாவுக்கு அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. உலகில் வேறு எந்த நாட்டுக்கும் இவ்வளவு பணம் வருவதில்லை. அதில் ஒரு பங்கு மண்ணாகவும் செங்கல்லாகவும் மாறுகிறது.

வீடு வாங்கி வாடகைக்கு விடுவது பழைய வழக்கம். வயதான காலத்தில் வாடகைப் பணத்தை நம்பி மானமாக வாழ்ந்தவர்கள் ஏராளம். அதே வீட்டினால் கோர்ட்டுக்கு நடந்து கால் தேய்ந்தவர்களும் உண்டு. இருவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தில் இல்லை. வாங்கும் முன் போட்ட கணக்கில் இருக்கிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். வாடகை வீட்டுக்கு அளவுகோல் மூன்று: பணக் கணக்கு, பத்திரக் கணக்கு, ஆள் கணக்கு.

முதல் கணக்கு: பணம்

அந்தத் திருச்சி வீட்டையே எடுத்துக் கொள்ளலாம். விலை ரூ.50 லட்சம். தமிழ்நாட்டில் பழைய வீட்டைக் கிரயம் செய்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம். அது ரூ.4½ லட்சம். வீட்டின் உண்மையான அடக்கம் ரூ.54½ லட்சம்! தரகர் கூலியும் வக்கீல் பீஸும் இதில் சேரவில்லை.

இனி வரவைப் பார்க்கலாம். மாதம் ரூ.15,000 வீதம் வருஷத்துக்கு ரூ.1,80,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குடித்தனம் காலி செய்து, அடுத்த குடித்தனம் வருவதற்குள் ஒரு மாதம் வீடு சும்மா கிடக்கும். அதற்கு ரூ.15,000 கழிக்க வேண்டும். வீட்டு வரி ரூ.6,000 என்று வைத்துக் கொள்ளலாம். வெள்ளை அடிப்பது, குழாய் ரிப்பேர், மோட்டார் ரிப்பேர் என்று சராசரியாக ரூ.15,000. ஆள் பிடித்துத் தரும் தரகருக்கும், வீட்டைப் பார்த்துக் கொள்பவருக்கும் ரூ.9,000. மிச்சம் ரூ.1,35,000.

ரூ.54½ லட்சம் போட்டு, வருஷத்துக்கு ரூ.1,35,000. அதாவது நூறு ரூபாய்க்கு இரண்டரை ரூபாய்! அதே நூறு ரூபாயை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டால் ஆறு ரூபாய் அளவுக்கு வட்டி கிடைக்கிறது. குழாய் ஒழுகாது, குடித்தனக்காரரோடு சண்டையும் வராது.

அப்படியானால் வீடு வாங்குவது முட்டாள்தனமா? அப்படியும் சொல்ல முடியாது. வங்கியில் போட்ட லட்சம் ரூபாய், பத்து வருஷம் கழித்தும் அதே லட்சம் ரூபாய்தான், வட்டி தனி. வீட்டு மனையின் விலையோ ஏறக் கூடியது. வாடகையும் ஏறும். ஆனால் ஏறுவது மண்ணின் விலை. கட்டடம் பழசாகத்தான் ஆகும். ஆகவே வீட்டைப் பார்க்கும்போது சுவரின் பளபளப்பை விட, வீடு நிற்கிற மண்ணின் அளவையும், அது இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். அடுக்கு மாடி வீட்டில் ஒரு பகுதியை வாங்குகிறவர்கள், "இதில் பிரிக்கப்படாத மனையில் நமக்கு எத்தனை சதுர அடி பங்கு?" என்று கேட்பது அதனால்தான்.

கடன் வாங்கி வாங்கினால்?

பலர் ஏமாறுவது இங்கேதான். "வாடகை வந்து கடனை அடைத்து விடும்" என்பது தரகர்களின் தாரக மந்திரம். அது உண்மையா?

ரூ.50 லட்சம் வீட்டுக்கு வங்கி ரூ.40 லட்சம் கடன் கொடுப்பதாக வைத்துக் கொள்ளலாம். வட்டி 9 சதவீதம். தவணைக் காலம் 20 வருஷம். மாதத் தவணை சுமார் ரூ.36,000 ஆகும். வாடகை ரூ.15,000. செலவுகள் எல்லாம் போக, மாதம் சுமார் ரூ.25,000 கைப்பணத்திலிருந்து போட வேண்டும். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, வருஷக் கணக்கில்! இருபது வருஷ முடிவில் 40 லட்சத்துக்குக் கட்டிய தொகை 86 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

துபாய் வேலை நிலையாக இருக்கும் வரை இந்த ரூ.25,000 பெரிதாகத் தெரியாது. கம்பெனி ஆள் குறைத்தால்? உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்ப நேர்ந்தால்? வங்கி காத்திருக்காது. அவசரத்தில் வீட்டை விற்கிறவருக்கு நல்ல விலையும் கிடைக்காது. சோறு போடும் என்று வாங்கிய வீடு, சோற்றைப் பிடுங்குகிற வீடாகி விடும்.

ஆகவே, குடித்தனக்காரரே இல்லாமல் ஆறு மாதத் தவணையைக் கட்டக் கையில் பணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால், கொஞ்சம் பொறுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது கணக்கு: பத்திரம்

ஒரு புடவை வாங்கினாலும் பிரித்துப் பார்த்து வாங்குகிறவர்கள், வீட்டுப் பத்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. "எல்லாம் கிளியர்" என்று தரகர் சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள்.

பார்க்க வேண்டியவை என்ன? விற்பவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் தாய்ப் பத்திரங்கள். வருவாய்த் துறை கொடுக்கும் பட்டா. குறைந்தது முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று. கட்டடத்துக்கு வாங்கிய வரைபட அனுமதி. வீட்டு வரி ரசீது. மின்சார இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்பதனால் வில்லங்கமே இல்லை என்று ஆகி விடாது. பதிவு ஆபீசில் பதிவான விவகாரம் மட்டுமே அதில் தெரியும். பதிவு செய்யாத உயில், பாகம் பிரியாத அண்ணன் தம்பி, பங்கு கேட்கக் காத்திருக்கும் சகோதரி, இவை அதில் தெரியாது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். நகல் மட்டும் காட்டினால், அசல் எங்கே அடமானமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். இவற்றை எல்லாம் படிக்க, விற்பவரின் வக்கீல் போதாது. வாங்குகிறவருக்கு என்று ஒரு வக்கீல் வேண்டும்.

புதிதாகக் கட்டி விற்கும் அடுக்கு மாடி என்றால் இன்னொரு பாதுகாப்பு உண்டு. 2016-ம் ஆண்டுச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டி விற்கப்படுபவை, 'ரெரா' என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். பதிவு எண் இல்லாமல் முன்பணம் கேட்டால், கையை மடியிலிருந்து எடுக்கக் கூடாது!

வெளிநாட்டில் இருப்பவருக்குத் தனி விதிகள்

வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகன், இங்கே வீடும் கடையும் வாங்கலாம். சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றவர்களில், 'ஓ.சி.ஐ.' அட்டை வைத்திருப்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க இவர்களுக்கு அனுமதி இல்லை. தகப்பனார் வழியாக வாரிசுரிமையில் வந்தால் வைத்துக் கொள்ளலாம்.

பணம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேராக வங்கி மூலம் அனுப்பலாம். அல்லது இங்குள்ள என்.ஆர்.ஈ., என்.ஆர்.ஓ. கணக்குகளிலிருந்து கொடுக்கலாம். வெளிநாட்டு நோட்டாகக் கையில் கொடுப்பது கூடாது. 'உண்டியல்' வழியாக அனுப்பிய பணத்துக்கு நாளைக்குக் கணக்குக் காட்ட முடியாது. சட்டமும் சும்மா விடாது.

வரி விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவரானால், குடித்தனக்காரர் வாடகையிலிருந்து 30 சதவீத வருமான வரியும், அதன் மேல் கூடுதல் தீர்வையும் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்து, அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். ரூ.15,000 வாடகையில் ரூ.4,680 இப்படிப் போகும். வீட்டுக்காரர் கைக்கு வருவது ரூ.10,320 மட்டுமே.

அந்தப் பணம் போனது போனதுதானா? இல்லை. வாடகையில் வீட்டு வரி போக மிச்சத்தில் 30 சதவீதம் பராமரிப்புக்கு என்று சட்டமே கழிவு கொடுக்கிறது. கடன் வட்டிக்கும் கழிவு உண்டு. ஆகவே வருஷம் முடிந்ததும் கணக்குத் தாக்கல் செய்தால், கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம். ஆனால் தாக்கல் செய்ய வேண்டும். 'சின்ன வாடகைதானே' என்று சும்மா இருந்தால் பணம் தானாக நடந்து வராது.

பவர் பத்திரம்: இரு பக்கமும் கூர்மை!

பதிவுக்கு நேரில் வர முடியாதவர்கள், ஊரில் ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன்போ, நோட்டரி முன்போ கையெழுத்துப் போட்டு, அத்தாட்சி பெற்று அனுப்ப வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். "இன்ன வீட்டை வாங்கிப் பதிவு செய்ய மட்டும்" என்று எழுதினால் அது குறிப்பிட்ட அதிகாரம். "வாங்க, விற்க, அடமானம் வைக்க, எல்லாம் செய்ய" என்று எழுதினால், பெட்டிச் சாவியையே கொடுத்ததாகும். சொந்த மைத்துனர்தானே, சித்தப்பாதானே என்று எழுதிக் கொடுத்து விட்டு, வீட்டையும் இழந்து உறவையும் இழந்தவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் பவரை ரத்து செய்து, அந்த ரத்தையும் பதிவு செய்து விடுவது நல்லது.

விற்பவர் கிரயப் பத்திரம் எழுதித் தராமல் வெறும் பவர் மட்டும் தருகிறேன் என்றால், அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது. பவர் பத்திரத்தினால் சொத்தின் உரிமை கை மாறாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-ம் ஆண்டிலேயே தெளிவாகத் தீர்ப்பளித்து விட்டது.

மூன்றாவது கணக்கு: ஆள்

பணமும் சரி, பத்திரமும் சரி. இனி வீட்டுக்கு யார் வருவார்கள்? வந்தவர்களை யார் பார்த்துக் கொள்வார்கள்?

வேலை இருக்கும் இடத்தில்தான் வாடகை இருக்கும். திருப்பூரில் பனியன் தொழிலாளிகள் குடியிருக்கும் சின்னஞ்சிறு 'லைன் வீடுகள்' காலியாவதற்குள் அடுத்த ஆள் வந்து நிற்பது வழக்கம். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் ஆளை இழுக்கின்றன. ஊர்ப் பெருமைக்காகக் கிராமத்தில் கட்டிய மாளிகையோ பூட்டிக் கிடக்கிறது; ஜன்னலில் குருவி கூடு கட்டுகிறது. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்போது, இந்திய நகரங்களில் மட்டும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன! வாடகைக்கு ஆள் வராததும் ஒரு காரணம்; ஆள் வந்தால் போக மாட்டார் என்ற பயமும் ஒரு காரணம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டுக் கட்டட வாடகைச் சட்டம், அரை நூற்றாண்டுக்கு மேல் குடித்தனக்காரருக்குக் கேடயமாக இருந்தது. நியாயமான பாதுகாப்புதான். ஆனால் அதன் நிழலில் வழக்குகள் வருஷக் கணக்கில் நீண்டன. இப்பொழுது அந்தச் சட்டம் இல்லை. அதற்குப் பதிலாக 2017-ம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம், 2019 பிப்ரவரி 22-ந் தேதி முதல் நடைமுறையில் இருக்கிறது.

புதிய சட்டம் இரு தரப்புக்கும் கடமை விதிக்கிறது. நகரங்களில் வீடு வாடகைக்கு விடுபவர்கள் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, துணைக் கலெக்டர் அந்தஸ்துள்ள வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு மாத வாடகை நின்று போனால், வீட்டுக்காரர் வாடகைக் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் ஆத்திரத்தில் தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, இவை குற்றம்.

சட்டத்தை விட முக்கியமானது மனிதர். வீட்டுக்காரர் துபாயில், மோட்டார் ரிப்பேர் திருச்சியில். குடித்தனக்காரர் யாரைக் கூப்பிடுவார்? இரவில் குழாய் உடைந்தால் யார் வருவார்? பதில் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் நல்ல குடித்தனம் நிலைக்காது. உறவினர் பார்த்துக் கொண்டால் மாதம் ஒரு தொகை பேசிக் கொடுத்து விட வேண்டும். சும்மா பார்க்கிறவர் ஒரு நாள் சும்மா இருந்து விடுவார்!

குடித்தனக்காரரையும் எதிரியாக நினைக்கக் கூடாது. ஐந்நூறு ரூபாய் அதிகம் தருகிற புது ஆளை விட, ஐந்து வருஷமாக ஒன்றாந் தேதி வாடகை கொடுத்து, வீட்டைச் சொந்த வீடு போல் வைத்திருக்கிறவர் லாபமானவர். ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால், அந்த ஐந்நூறு ரூபாயை முப்பது மாதம் சேர்த்தாலும் நஷ்டம் அப்பொழுதுதான் சரிக்கட்டும்.

எங்கே தொடங்கலாம்?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. சொந்த வீடு ஏற்கெனவே இருந்து, அஸ்திவாரம் தாங்கும் என்று இன்ஜினீயர் சொன்னால், முறைப்படி அனுமதி வாங்கி மாடியில் ஒரு போர்ஷன் கட்டலாம். மண் வாங்கும் செலவு இல்லை. கிரயத் தீர்வை இல்லை. குடும்பம் கீழேயே இருப்பதால் பார்த்துக் கொள்ள வேறு ஆள் தேட வேண்டாம். ஒரு பெரிய வீட்டை விட இரண்டு சின்ன போர்ஷன்கள் பல ஊர்களில் நல்லவை. ஒன்று காலியானாலும் மற்றொன்றில் வாடகை வந்து கொண்டிருக்கும்.

திருச்சி மனைவி மறுநாள் தம்பியோடு அந்த வீட்டைப் பார்க்கப் போனார். வீடு அழகாகத்தான் இருந்தது. அதே தெருவில் 'வாடகைக்கு விடப்படும்' என்று மூன்று போர்டுகள் தொங்கின. பக்கத்து வீட்டு அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தார். கோடையில் தண்ணீர் லாரி வந்தால்தான் உண்டு என்று அந்த அம்மாள் சொன்னார். அசல் பத்திரத்தைக் கேட்டார். அடுத்த வாரம் காட்டுவதாகத் தரகர் சொன்னார்.

அன்று இரவு டெலிபோன் மணி அடித்தது.

"என்ன, முடித்தாயிற்றா?"

"முடிக்கவில்லை. அசல் பத்திரம் வரட்டும் என்று சொல்லி விட்டேன். நம் வீட்டு மாடியைப் பார்க்க நாளைக்கு இன்ஜினீயரை வரச் சொல்லியிருக்கிறேன். தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்."

"வேறு யாராவது வாங்கிக் கொண்டு போய் விட்டால்?"

"போகட்டும், ஊரில் வேறு வீடே இல்லையா? பணம் போனால் இன்னும் பதினோரு வருஷம் நீங்கள் அங்கேயே அல்லவா இருக்க வேண்டும்!"